ஒரு விரற்கடை

கூடத்தில் எல்லோரும் இடி என்று கூப்பிடும் அண்ணனின் வலது முஷ்டி விலாவில் இறங்கியதும் அவளுக்கு மூச்சு வெளியே போனது. போனது உடனே திரும்பவில்லை. கயிற்றில் சாய்ந்து, வாய்க்காப்பைக் கடித்துக்கொண்டு, அது வரும்வரை காத்திருந்தாள். அண்ணன் காத்திருக்கவில்லை. வயிற்றில் ஒன்று, தோளில் ஒன்று, காதோரம் ஒன்று என்று அடுக்கினான். காதுக்குள் கொய்யென்றது.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவனுடைய வலது கை சோம்பேறித்தனமாக மார்புக்குக் கீழே தொங்கியது. முகத்தின் அந்தப் பக்கம் கதவு திறந்த வீடு மாதிரி கிடந்தது. அவள் இடது கையை விட்டாள். தோளிலிருந்து, நேராக, முழு வேகத்தில். கையுறை அவன் தாடைக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது.

நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. நின்றது. அத்தனை வருஷப் பழக்கம்.

"அழகு!" என்றார் மாஸ்டர் ரிங்குக்குக் கீழேயிருந்து. "பார்த்தியா இடி? ஃபைனல்ல அந்தப் பீச்சாங்கை இப்படித்தான் வருவான்."

"வரட்டும், வரட்டும்," என்றான் அண்ணன். பதிலுக்கு அவள் மூக்கின் மேல் ஒன்று போட்டான். அவனுக்கு நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

டயர்க் கடைக்குக் கீழே இருந்த நிலவறைதான் அந்தக் குத்துச்சண்டைக் கூடம். மேலே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் கீழே டியூப்லைட் நடுங்கும். ரப்பர் வாடையும் வியர்வை வாடையும் சேர்ந்து தொண்டையில் உட்காரும். ஆண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை இருந்தது. அவளுக்குத் துடைப்பமும் பினாயில் கேனும் வைக்கும் பொந்து. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிய வாளியை வைத்துவிட்டுத்தான் சட்டை மாற்றுவாள்.

அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அப்படியே ஒட்டிக்கொண்டாள். பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் டம்மி. கூடத்தில் ஏற்கெனவே பஞ்சு அடைத்த டம்மி ஒன்று உண்டு. வயிறு கிழிந்து மூலையில் கிடந்தது. "இது தேவலைடா, கிழியவே மாட்டேங்குது," என்பார்கள்.

வந்த புதிதில் ஒருமுறை மாட்டுத் தொடை மாதிரி கை உள்ள ஒருவனை அவளோடு குத்திப் பழக விட்டார்கள். அவள் இடது கை அவன் வாயில் பட்டது. அவன் பொத்தென்று உட்கார்ந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எழுந்து போனவன் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அன்றைக்கே மாஸ்டர் சட்டம் போட்டார்: பொம்பளைக் கை ஆம்பளை முகத்தில் படக்கூடாது. ஒரு விரற்கடை விட்டு நிறுத்த வேண்டும். தொடர்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த ஒரு வித்தைதான். எவ்வளவு வேகமாக வந்தாலும் நிற்பது.

இப்போது மாஸ்டர் ஒரு ஆசை காட்டியிருந்தார்.

"இந்தத் தடவை போட்டியில பொம்பளைங்களுக்கும் ஒரு ஆட்டம் வைக்கிறாங்களாம். நம்ம கூடத்துலேர்ந்து உன் பேரைக் குடுக்கறேன். ஆனா அதுவரைக்கும் உங்கண்ணனுக்கு நீதான் பீச்சாங்கை. அவனை மாதிரியே நிக்கணும், அவனை மாதிரியே குத்தணும். அண்ணன் முகத்துல ஒண்ணு பட்டுச்சு, உன் பேரு போச்சு."

பீச்சாங்கை என்பவன் இறுதி ஆட்டத்தில் அண்ணனோடு மோதப்போகிறவன். இடது கைக்காரன். கூடத்தில் அவளைத் தவிர வேறு இடது கை கிடையாது.

அவள் தலையாட்டினாள். தீயை மிதிக்கச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள். காற்றைக் குத்தியே வயதாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள். பகலெல்லாம் கோழி அறுக்கும் ஆலையில் நின்று தொடை கழற்றினாள். பனி போட்ட அறை. கையில் உணர்ச்சியே இருக்காது. கத்தி மூட்டுக்குள் புகுந்து திரும்பும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் கையில் உயிர் இருப்பது தெரியும். வேலை முடிந்து நிலவறைக்கு வந்து அண்ணனிடம் அடி வாங்குவாள். வீட்டுக்குப் போய் அவன் துணியைத் துவைப்பாள். அண்ணனுக்கு வேலை எதுவும் இல்லை. சாம்பியன்கள் வேலைக்குப் போகக்கூடாது என்பது அப்பாவின் கொள்கை.

ஒருநாள் அவள் அதைக் கவனித்தாள்.

இடது கையை விட்டாள். அது வந்து நின்றது. அண்ணன் கண்ணை இமைக்கவில்லை. முகத்துக்கு நேராக ஒரு கை வந்தால் கைக்குழந்தைகூடக் கண்ணை மூடும். இவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி விட்டாள். தலை அசையவில்லை, தோள் எழும்பவில்லை, வலது கை தொங்கிய இடத்திலேயே தொங்கியது. இடது கை என்றால் நின்றுவிடும் என்று அவன் உடம்பு பாடம் செய்துவிட்டது. அந்தப் பாடத்தை எடுத்தவள் அவள்.

வீட்டில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அண்ணா, உன் வலது கை தொங்குது."

"உன் வாய் தொங்காம இருந்தா சரி."

"விளையாட்டில்ல. என் கை வரும்போது நீ கண்ணைக்கூட மூட மாட்டேங்கற."

"பயமில்ல, மூடல. நீ மூடுவே."

"பயமில்லாததால இல்ல. அது நிக்கும்னு உனக்குத் தெரியும். அவன் கை நிக்காதுண்ணா."

டி.வி. முன்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மூக்கு சிந்தத் தெரியாத வயசுலேர்ந்து அவன் குத்துறான். நீ அவனுக்குப் பாடம் எடுக்கறியா? தண்ணி எடுத்துட்டு வா, போ."

அண்ணன் சிரித்தபடி அவள் பின்மண்டையில் ஒன்று வைத்தான். விளையாட்டுக்குத்தான். அவள் நெற்றி மேசை விளிம்பில் மோதியது. "அது பாரு," என்றான், "நீயும்தான் கண்ணை மூடல."

மறுநாள் மாஸ்டரிடம் போனாள். அவர் கைக்கட்டுத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மாஸ்டர். மெதுவாத்தான். பட்டாத்தான் அவன் கையைத் தூக்குவான்."

"ஆட்டத்துக்கு முன்னாடி தங்கச்சி கையால வாங்கினான்னு நாலு பேர் பேசினா அவன் ரிங்குல ஏறுவானா? ஆம்பளை மனசு கண்ணாடி மாதிரி. உனக்குப் புரியாது."

"தாடையும் அப்படித்தான் மாஸ்டர்."

சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உன் பேரு போட்டியில இருக்கணுமா, வேணாமா?"

அவள் மூலையில் கிடந்த டம்மியைப் பார்த்தாள்.

"இருக்கணும்."

"அப்ப வாயை மூடு."

போட்டிக்கு முந்தைய கடைசிப் பழக்கத்தில் அண்ணன் மதம் பிடித்தவன் மாதிரி ஆடினான். அவள் மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. உப்பும் துருவும் கலந்த ருசி. மணி அடித்த பிறகும் இரண்டு போட்டான். பையன்கள் விசிலடித்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு கணம் வந்தது. அவன் வலது கை கீழே. தாடை முன்னால். அவளுடைய இடது கால் சரியான இடத்தில் ஊன்றியிருந்தது. இதை இப்போது இறக்கினால் இவன் விழுவான், எழுவான், அவளைப் போட்டு மிதிப்பான், ஆனால் கையைத் தூக்கக் கற்றுக்கொள்வான். அவளுக்கு ரிங் இல்லை. இனி எப்போதும் இல்லை.

கை வந்தது. விரற்கடை விட்டு நின்றது. இந்த முறை அதை அவளே நிறுத்தினாள். தெரிந்தேதான்.

போட்டி நடந்தது ஒரு சரக்குக் கிடங்கில். நடுவில் ரிங், சுற்றிலும் இரும்பு நாற்காலிகள். பெண்களுக்கான அறையில் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கியிருந்ததால் அவள் ஒரு வேனுக்குப் பின்னால் உடை மாற்றினாள். பெண்கள் ஆட்டத்தைக் கடைசியில் வைத்திருந்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது, நாற்காலி மடக்குகிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே.

முதல் சுற்று அண்ணனுடையது. பீச்சாங்கையைக் கயிற்றோடு கயிறாகத் தள்ளி விலாவைப் பிளந்தான். அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, "என்னமோ சொன்னியே?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

இரண்டாவது சுற்றில் அண்ணன் விலாவில் ஒன்று போட்டுவிட்டுக் கையைத் தொங்கவிட்டான். எதிரே இடது கை கிளம்பியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தான் என்பதுதான் கொடுமை. கண் விரிந்திருந்தது, முகத்தில் கலவரமே இல்லை, அது நிற்பதற்காகக் காத்திருந்தான்.

அது நிற்கவில்லை. ஆலையில் தொடை கழற்றும்போது வருமே, அந்தச் சத்தம் அவளுக்கு அத்தனை இரைச்சலிலும் கேட்டது. தாடை ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் போயின. அவன் மடங்கக்கூட இல்லை. வெட்டிய மரம் மாதிரி விறைத்தபடி பின்னால் சாய்ந்தான். பின்மண்டை பலகையில் மோதி எழும்பி மறுபடி மோதியது. வலது கால் தனியாக உதறிக்கொண்டிருந்தது. வாய்க்காப்பைப் பிடுங்கியபோது அதில் பல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடிய அப்பா பாதி வழியில் நின்று திரும்பினார்.

"என்னடி நிக்கற? வா!"

"நான் வரலப்பா. என் ஆட்டம் இருக்கு."

அப்பா திரும்பி நடந்து வந்து அறைந்தார். அவள் கண்ணை மூடவில்லை.

"அண்ணன் உசுருக்குப் போராடறான். உனக்கு ஆட்டமா? நீ பொம்பளையா?"

"நான் வந்து என்னப்பா பண்ணப்போறேன்? ஆட்டம் முடிஞ்சதும் வரேன்."

"முடிஞ்சு நீ வீட்டுப் படி ஏறினா காலை ஒடிப்பேன்." போய்விட்டார். மாஸ்டரும் அவர் பின்னாலேயே ஓடினார். போகும்போது, "மூலையில ஆள் இல்லாம உன்னை ஏற விட மாட்டாங்க, பேசாம வந்துடு," என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார்.

அது நிஜம்தான். நடுவர் மூலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஆள் யாரும்மா? ஆள் இல்லன்னா ஆட்டம் இல்ல."

"நான் நிக்கறேன்."

கழுத்தில் துண்டும் வீங்கிய இடது கையுமாகப் பீச்சாங்கை நின்றான். கிட்டத்தில் பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருந்தான். வாளியை எடுத்து மூலையில் வைத்தான். கூட்டத்தில் யாரோ, "அண்ணனை அடிச்சான், தங்கச்சியைப் பிடிச்சான்!" என்று கத்த, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கண்டுக்காதே," என்றான். அவளுடைய கையுறையைக் கட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டான். "உங்கண்ணன் ஏன் நகரவே இல்ல? நான் என்ன மறைச்சா அடிச்சேன்? பார்த்துட்டே நின்னாரு."

"நான்தான் அப்படிப் பழக்கினேன்."

அவனுக்குப் புரியவில்லை. அடுத்த கையுறையை எடுத்தான்.

எதிரே வந்தவள் வேறு ஊர்க் கூடத்துக்காரி. தலைக்காப்புக்கு வெளியே சுருட்டை முடி பிதுங்கிக்கொண்டு நின்றது. தோள் அகலம். கண்ணைச் சுற்றிப் பழைய நீலம். மணி அடித்ததும் சுருட்டை பாய்ந்து வந்து வலது கையை வீசினாள். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். தடுத்த கையில் எதுவும் படவில்லை. பதிலுக்கு அவள் இடது கையை விட்டாள். அது வழக்கம்போலப் போய் சுருட்டையின் மூக்குக்கு முன்னால் நின்றது.

மறுபடி சுருட்டை குத்தினாள். அதுவும் நின்றது. ஒரு விரற்கடை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளும் யாரோ ஒருத்தனுடைய டம்மி.

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. "தொட்டுப் பிடிச்சு விளையாடறாங்கடா!" "முடியைப் பிடிச்சு இழுங்கம்மா, அதாவது தெரியும்!" "பொம்பளைங்க சண்டைன்னா இதுதான், வாய்லதான் எல்லாம்!" நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, "அடிக்கறதா இருந்தா அடிங்க, இல்லன்னா ரெண்டு பேரையும் இறக்கிடுவேன்," என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி விட்டாள். முழு பலத்தோடு விட்டாள். கடைசி நொடியில் முழங்கை தானாகப் பூட்டிக்கொண்டது. தன் கையையே வெட்டி எறியலாம் போல இருந்தது அவளுக்கு.

மணி அடித்தது.

"என்ன நீ, ஈ ஓட்டறியா?" என்றான் பீச்சாங்கை.

"நின்னுடுது. நான் நிறுத்தல, அதுவா நிக்குது."

அவன் அவள் கையைப் பார்த்தான். பிறகு தலை நிமிர்ந்து, ஸ்ட்ரெச்சர் போன வாசல் பக்கம் பார்த்தான். அவனுக்கு இப்போது ஏதோ புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

"அவ முகத்தைக் குத்தாதே. முகத்துக்குப் பின்னாடி கயிறு இருக்கு பாரு, அதைக் குத்து. முகம் நடுவுல வந்தா அது முகத்தோட தலையெழுத்து."

அவள் போனாள். கயிற்றைப் பார்த்தாள். குத்தினாள்.

கையுறைக்குள் ஏதோ நொறுங்கி உள்வாங்குவது முஷ்டிக்குத் தெரிந்தது. சுருட்டையின் தலை பின்னால் போய் வந்தது. மூக்கு ஒரு பக்கமாகக் கோணி, இரண்டு துவாரத்திலிருந்தும் ரத்தம் பொத்துக்கொண்டு இறங்கியது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு வாய் அப்படியே நின்றது. சுருட்டை நாக்கை நீட்டித் தன் ரத்தத்தை நக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. அதற்குப் பின்னால் வந்தது சந்தோஷமேதான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. "அடிச்சிட்டியா," என்றாள் வாய்க்காப்புக்குள் குழறி. "சரி, வாங்கிக்கோ."

வந்த அடி நிற்கவில்லை. அவளுடைய புருவம் பிளந்தது. ஒரு கண்ணுக்குள் சூடாக இறங்கி உலகம் சிவந்தது. அடுத்தது வாயில். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. அவள் வயிற்றில் இறக்கினாள். சுருட்டை மடங்கி, மடங்கிய இடத்திலிருந்தே மேலே ஒன்று தூக்கிக் கொடுத்தாள். அவளுடைய நாக்கு அறுபட்டது. முழங்கால் ஊன்றி விழுந்தாள், நடுவர் எண்ணும்போதே எழுந்தாள். எத்தனையோ வருஷமாக விரற்கடை விரற்கடையாகச் சேர்ந்து நின்ற குத்தெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. எவன் முகத்துக்கு என்று எடுத்து வைத்ததோ தெரியாது, வாங்கிக்கொண்டது சுருட்டை. சுருட்டையும் அப்படித்தான் கொடுத்தாள். பலகை வழுக்க ஆரம்பித்தது. நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள் மடக்கிய நாற்காலியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். யாரும் விசிலடிக்கவில்லை.

கடைசிச் சுற்றில் மருத்துவர் ஏறி அவள் புருவத்தை விரலால் விரித்துப் பார்த்தார். எலும்பு தெரிந்ததாம். கையை ஆட்டி ஆட்டத்தை நிறுத்தினார். நடுவர் சுருட்டையின் கையைத் தூக்கினார். சுருட்டையால் மூக்கால் மூச்சுவிட முடியவில்லை. தூக்கிய கையோடு வாயைத் திறந்து அழுதாள்.

பீச்சாங்கை துண்டால் அவள் புருவத்தை அழுத்திக்கொண்டே, "தோத்துட்டே," என்றான்.

"தெரியும்," என்றாள். "பட்டுச்சு, பார்த்தியா?"

அவசரச் சிகிச்சை அறையில் அவளைப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அடுத்த பெஞ்சில் சுருட்டை, மூக்கில் பஞ்சோடு. நர்ஸ் நடுத்தர வயசுக்காரி. அவள் முகத்தைப் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயப்படாம சொல்லும்மா. யாரு அடிச்சது? புருஷனா?"

"இல்லக்கா."

"அப்பாவா? கூடப் பிறந்தவனா? இங்க வர்ற எல்லாரும் முதல்ல படிக்கட்டுல விழுந்தேன்னுதான் சொல்லுவாங்க. என்கிட்ட மறைக்காதே."

அவள் திரைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "அவ."

"நான்தான்கா," என்றது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூக்கடைத்த குரல். "அவதான் என் மூக்கை உடைச்சா."

நர்ஸ் திரையை விலக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குடி ரெண்டு பேரும்? ஒரே ஆம்பளைக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு மறுபடி கிழிந்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதேக்கா," என்று சுருட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

தையல் பாதியில் இருக்கும்போது மாஸ்டர் வந்தார். அண்ணனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள், தாடையைக் கம்பி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், இனி ரிங் கிடையாது என்றார். அப்பா மாடியில் அவன் பக்கத்தில் இருக்கிறார். இவளைப் பார்க்க இஷ்டமில்லை. அவள் ஊசியின் கீழே கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு இறக்கியிருந்தால் அண்ணன் கை தூக்கியிருப்பான். அந்தக் கணம் மறுபடி வந்தால் என்ன செய்வாள் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். நல்ல பதில் எதுவும் வரவில்லை.

மாஸ்டர் போகாமல் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. பீச்சாங்கை மேல அடுத்து நம்ம கூடத்துச் சின்னவனை இறக்கலாம்னு பார்க்கறேன். நல்ல பையன். முகம் ஆறினதும் வந்து அவனுக்கு நின்னு குடு. உன்னை விட்டா எனக்கு இடது கை ஏது?"

"வரேன் மாஸ்டர்."

அவர் முகம் தெளிந்தது.

"ஆனா படும்," என்றாள்.

மாஸ்டர் மாடிப்படி பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"பேசாதடி," என்றாள் நர்ஸ், நூலை இறுக்கியபடி. "இன்னும் ரெண்டு தையல் பாக்கி இருக்கு."